நாவலில் இல்லாத புருசன்

எங்கள் பக்கத்தில் யாராவது நாடகம் போடுகிறார்கள் என்றால், ஜனங்கள் கேட்கிற முதல் கேள்வி கதை என்ன என்பதல்ல. யார் நடிக்கிறார்கள் என்பதும் அல்ல. "கடைசியில சேந்துருவாகளா?" என்பதுதான். சேர்ந்துவிடுவார்கள் என்று உறுதி கொடுத்துவிட்டால் போதும், நடுவில் கதாநாயகியை என்ன பாடுபடுத்தினாலும் பொறுத்துக்கொள்வார்கள். பட்டினி போடலாம், மழையில் நிறுத்தலாம், மாமியாரை விட்டு அடிக்கலாம். கடைசியில் புருசன் வந்து நின்று, அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டால், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள்.

நான் போட்ட ஒரே நாடகத்தில் அவர்கள் சேரவில்லை. சேராதது மட்டுமல்ல, மேடையும் மிஞ்சவில்லை. இன்றைக்கும் போடியில் பழைய ஆட்கள் யாராவது என்னைக் கடைத்தெருவில் பார்த்தால், "அன்னைக்கு மட்டும் நீ அவனச் சேத்திருந்தா..." என்று ஆரம்பிப்பார்கள். ஆரம்பிக்கட்டும். நாளைக்கே மறுபடி மேடை போட்டுக் கொடுத்தாலும் நான் சேர்க்க மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை படித்துவிட்டு யாரும் என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம்.

எழுபதுகளின் கடைசி. மதுரையில் பி.ஏ. முடித்துவிட்டு ஊர் திரும்பி, ஒரு டுட்டோரியலில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். படிப்பதைவிடப் படித்தவளாகத் தெரிவதில் எனக்கு அக்கறை அதிகம். கதர்ச் சேலை, தோளில் ஜோல்னாப் பை, முகத்தில் கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி. (கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. கடைக்காரர் "பவர் எவ்வளவும்மா?" என்று கேட்டபோது, "பவர் வேண்டாம், சட்டம் மட்டும் கனமாக இருக்கட்டும்" என்று சொன்னவள் நான்.) பஸ்சில் கண்டக்டரிடம் சீட்டு வாங்குவதைக்கூட, உலக இலக்கியம் படித்த ஒருத்தி எப்படி வாங்குவாளோ அப்படித்தான் வாங்குவேன்.

அந்த நாவல் மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. இங்கிலீஷ் நாவல். அட்டை இல்லை. முன்னால் சில பக்கங்கள் இல்லை. பின்னால் எவ்வளவு இல்லை என்று யாருக்கும் தெரியாது. அதனால் அதன் பெயரோ, எழுதினவர் பெயரோ எனக்கு இன்றுவரை தெரியாது. அமெரிக்காவில் ஒரு குளிர்ப் பட்டணம். அதில் டெல்லா என்று ஒரு கறுப்பினப் பெண். வேலை தேடிப் போகிறேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன புருசன், போனவன்தான். கையில் பிள்ளை. வெள்ளைக்காரர் வீடுகளில் துணி துவைக்கிறாள், தரை துடைக்கிறாள், வீட்டுக்காரியிடம் பேச்சு வாங்குகிறாள். வாங்கின பேச்சைச் சிரித்துக்கொண்டே திருப்பியும் கொடுக்கிறாள். கடைசியில் ஒரு தையல் கம்பெனியில் வேலை கிடைத்து, தனக்கென்று ஒரு அறை பிடித்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வெறும் தரையில் உட்காருகிறாள். அதோடு பக்கங்கள் தீர்ந்துவிட்டன.

படித்து முடித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏலக்காய் வாசம் ஒன்றுதான் குறை. மற்றபடி அது எங்கள் வீடு.

என் அம்மா பேச்சியம்மாளுக்குப் போடியில் ஒரு கிட்டங்கியில், அதாவது சரக்குக் குடோனில், ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது, மூணார்ப் பக்கம் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பிப்போன அப்பா அங்கேயே இன்னொரு குடும்பம் அமைத்துக்கொண்டார். ஊர் அம்மாவை வாழாவெட்டி என்றது. நேரில் சொல்லாது. கல்யாண வீட்டில் மஞ்சள் இடிக்க ஆள் கூப்பிடும்போது மட்டும் அம்மா பெயர் எல்லாருக்கும் மறந்துபோகும். அம்மா அதற்கெல்லாம் முகம் கொடுக்க மாட்டாள். "எனக்குச் சோலி கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். எனக்குத்தான் உள்ளே எரியும்.

அந்த வருசம் போடிமெட்டுக்கு மேலே இருந்த ஓர் எஸ்டேட்டில் மாரியம்மன் பொங்கலுக்கு நாடகம் கேட்டிருந்தார்கள். போடியில் ஒரு நாடக மன்றம் இருந்தது. அதன் செயலாளர் தங்கவேலு அண்ணன், உரக்கடைக்காரர். வழக்கமாக அட்டைக் கத்தி, ஜரிகைக் கிரீடம் என்று ராஜா நாடகம்தான் போடுவார்கள். அந்தத் தடவை ராஜா வேசம் கட்டுகிறவருக்கு அம்மை போட்டுவிட்டது. அவர் படுத்த இடத்தில் நான் போய் நின்றேன், கையில் அட்டையில்லாத நாவலோடு.

கதையை நான் சொல்லச் சொல்லத் தங்கவேலு அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு தாயி. அவன் எப்பத் திரும்பி வர்றான்?"

"வர மாட்டான்ணே."

"வராம?"

"வராமத்தான்."

நாவலை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் தடவிப் பார்த்தார். "இங்கிட்டுக் கிழிஞ்சிருக்குல்ல? கிழிஞ்ச பக்கத்துல வந்திருப்பான்."

"வந்திருக்க மாட்டான்."

"நீ பாத்தியா?"

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல. ஆனா ஒரு மனுசன் பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டுப் போயி, ஒரு புத்தகம் முழுக்கவா வராம இருப்பான்?"

"எங்கப்பா வரலையேண்ணே" என்றேன்.

அவர் நாவலை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "சரி தாயி, உன் இஷ்டம்" என்றார். அவர் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். கனமான சட்டம் போட்டிருந்தேனே தவிர, அதன் வழியாக எனக்கு எதுவும் கூடுதலாகத் தெரியவில்லை.

டெல்லா நான்தான். கதையை நாடகமாக்கியவள், வசனம் எழுதியவள், சொல்லிக்கொடுப்பவள், கதாநாயகி எல்லாம் நானே. (அடக்கம் என்பது எனக்கு அப்போது இன்னும் அறிமுகமாகவில்லை.) வெள்ளைக்கார வீட்டுக்காரியாக டைலர் குருசாமி. ஜன்னல் திரைத்துணியில் அவரே ஒரு கவுன் தைத்துக்கொண்டார். பிள்ளைக்கு ஒரு சின்னத் தலையணை, துணி சுற்றியது.

ஒத்திகையில் ஒரு நாள் தங்கவேலு அண்ணன் ஒரு டப்பாவோடு வந்தார். அடுப்புக்கரியை அரைத்து எண்ணெயில் குழைத்திருந்தார்.

"எதுக்குண்ணே இது?"

"டெல்லா கறுப்புத்தான தாயி. பூசணும்ல?"

"என்னைப் பாருங்கண்ணே."

பார்த்தார். நான் மாநிறம் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லாத நிறம். பள்ளிக்கூடத்தில் என் பெயரே கருவாச்சி.

"இல்ல தாயி" என்று இழுத்தார். "நீ நம்மூருக் கறுப்பு. அது வெளியூருக் கறுப்பு."

"என்னையப் பொண்ணு பாக்க வந்தவுக எல்லாரும் பொண்ணு கொஞ்சம் கறுப்புன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போனாக. அன்னைக்கு எந்த ஊருக் கறுப்புன்னு யாரும் கேக்கலையே?" அந்த டப்பாவை வாங்கி ஜன்னல் வழியாகக் கவிழ்த்தேன். "டெல்லா என் நிறத்துலதான் வருவா. புடிக்காதவுக கண்ண மூடிக்கிட்டுக் கேக்கட்டும்."

(ஜன்னலுக்குக் கீழே யாரோ வெள்ளை வேட்டி காயப்போட்டிருந்தார்கள். அது வேறு வழக்கு.)

இப்போது ராசாமணியைச் சொல்ல வேண்டும். போடிமெட்டு ரோட்டில் எஸ்டேட் ஆட்களை ஏற்றி இறக்குகிற ஜீப்பு டிரைவர். ஆள் தங்கம். டெல்லாவின் புருசன் அவன்தான். முதல் காட்சியில் வந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். அவ்வளவுதான் வேசம். என்னைவிட மூத்தவன், சின்ன வயதிலிருந்து என்னைத் தங்கச்சி என்றே கூப்பிட்டுப் பழகியவன். "டெல்லா, என் கண்ணே, போய் வருகிறேன்" என்ற வசனத்தைச் சொல்ல வேண்டும் என்றால் கூரையைப் பார்ப்பான். "தங்கச்சி, அந்தக் 'கண்ணே'ய மட்டும் எடுத்துர்றியா? நாக்கு கூசுது." எடுத்துவிட்டேன்.

ஆனால் அவனுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அதே எஸ்டேட்டில் பூங்கொடி என்ற பெண்ணை அவனுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பொங்கலுக்கு அவுக வீட்டாளுக அம்புட்டுப் பேரும் முன்னாடி உக்காந்திருப்பாக தங்கச்சி. நான் பொண்டாட்டிய விட்டுட்டுப் போறதப் பாத்தா எவன் பொண்ணு குடுப்பான்?"

"அது நடிப்புண்ணே."

"எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். பூங்கொடி அப்பாருக்குத் தெரியுமா? ராசா நாடகத்துல வெசம் வச்ச மந்திரிக்கு அவரு இன்னிக்கு வரைக்கும் வீட்டுல தண்ணி குடுக்கறதில்ல."

நான் உடனே கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, கலை மக்களைப் பண்படுத்த வேண்டும், அவர்கள் விருப்பத்துக்கு அது வளைந்துகொடுக்கக் கூடாது என்று ஒரு பிரசங்கம் செய்தேன். ராசாமணி பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த மௌனத்தை நான் இலக்கியத்தின் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

பொங்கல் அன்று மத்தியானமே மேலே போய்விட்டோம். பொழுது சாய்ந்தால் மூடுபனி இறங்கிவிடும், ஜீப்புகள் மலையிறங்க முடியாது. அதனால் வெளிச்சம் இருக்கும்போதே நாடகத்தை முடித்தாக வேண்டும். காபிக்கொட்டை காயப்போடுகிற சிமெண்டுக் களத்தில் டிரம்களை அடுக்கி, மேலே பலகை போட்டு மேடை. பின்னால் ராஜா நாடகத்து அரண்மனைப் படுதா. கோபுரங்களின்மேல் புகைபோக்கி வரைந்து அதை அமெரிக்கா ஆக்கியிருந்தோம். டெல்லாவின் அறைக்கு நிஜக் கதவுதான் வேண்டும் என்று நான் அடம்பிடித்திருந்தேன். எஸ்டேட்டில் சும்மா கிடந்த ஒரு பழைய கதவை நிலையோடு கொண்டுவந்து, இரண்டு மூங்கிலில் கயிறு போட்டுக் கட்டி நிறுத்தினார்கள்.

அம்மாவும் கிட்டங்கிப் பெண்களும் இன்னொரு ஜீப்பில் வந்தார்கள். முந்தின நாள்தான் அம்மா கேட்டிருந்தாள், "என்ன கதைடி?"

"ஒரு அம்மா கதைம்மா. புருசன் விட்டுட்டுப் போயிர்றான்."

"அழுதுக்கிட்டே இருப்பாளா?"

"அழவே மாட்டா."

"அப்ப வர்றேன்."

நாடகம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. ராசாமணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது ஓர் அம்மாள் எழுந்து மண்ணை வாரித் தூற்றினாள். முன்வரிசையில் பூங்கொடியின் அப்பா கையைக் கட்டிக்கொண்டு, ராசாமணி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து வீட்டுக்காரியாக வந்த குருசாமி முகத்தில் அப்பியிருந்த வெள்ளைப் பவுடர் அப்போது தூறிய சாரலில் கோடுகோடாக இறங்கிவிட்டது. கழுத்து வெள்ளைக்காரி, முகம் நம்ம குருசாமி. ஆனாலும் அவர் என்னைத் திட்டியபோது களத்திலிருந்து பெண்கள் அவரைத் திருப்பித் திட்டினார்கள். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "குனிஞ்சு குனிஞ்சு என் இடுப்பே இல்லாமப் போச்சு" என்றபோது, ஏலச்செடிக்குக் கீழே நாளெல்லாம் குனிந்து பழம் எடுக்கிற அத்தனை பேரும் "ஆமாத்தா" என்றார்கள். எனக்குப் புல்லரித்தது. அம்மாவைத் தேடினேன். கன்னத்தில் கைவைத்து, தரம் பிரிக்கிற ஏலக்காயைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் காட்சி. அறைக்குள் தலையணைப் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிறேன். டெல்லா பேச வேண்டிய நீண்ட வசனம் ஒன்று எழுதி வைத்திருந்தேன். விடியல், சிறகு, உடைந்த சங்கிலி என்று கிடைத்ததையெல்லாம் அதில் போட்டிருந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு "மகளே!" என்றேன்.

கதவு தட்டப்பட்டது.

நான் எழுதிய நாடகத்தில் அந்த இடத்தில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. குருசாமி தப்பான காட்சியில் நுழைகிறார் போல என்று நினைத்து, "நாளைக்கு வாங்க" என்று சமாளித்தேன். கதவு திறந்தது. எஸ்டேட் கணக்கப்பிள்ளையின் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் மாலையோடு ராசாமணி நின்றான். ஒரு கையில் பெட்டி. மறு கையில் மல்லிகைப்பூப் பொட்டலம். (அமெரிக்கக் குளிரில் அவனுக்கு மல்லிகைப்பூ எங்கே கிடைத்தது என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை.)

"டெல்லா! நான் திருந்தி வந்துட்டேன்!"

களம் இடிந்து விழுகிற மாதிரி விசில். படுதாவுக்குப் பின்னாலிருந்து தங்கவேலு அண்ணனின் குரல் மைக்கில் முழங்கியது. "அன்பார்ந்த பொதுமக்களே! பிரிந்த குடும்பம் ஒன்று சேர்கிறது!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இரண்டு பேரும் கூட்டு.

நான் எழுந்து நின்றேன். "யாருங்க நீங்க?"

"உன் புருசன் டெல்லா."

"அப்படி இங்க யாரும் இல்ல."

ராசாமணி ஓரடி முன்னால் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சினான். "தங்கச்சி, பூங்கொடி அப்பாரு பாக்குறாரு. கொஞ்சம் சேத்துக்கயேன்."

மேலே தொங்கிய மைக் அதை அப்படியே மலை முழுக்கச் சொல்லிவிட்டது. பொண்டாட்டியைத் தங்கச்சி என்று கூப்பிடுகிற புருசனைப் பார்த்துக் கூட்டம் கொஞ்சம் குழம்பியது. எனக்கோ கோபத்தில் டெல்லாவும் மறந்துபோனாள், வசனமும் மறந்துபோனது.

"நாவல்ல நீ இல்ல! வெளிய போ!" என்று கத்தினேன்.

கூட்டத்தில் ஒரு குரல், "நாவல்ல இல்லாட்டி என்னாத்தா, புளிய மரத்துல இருந்து எறங்கி வந்திருப்பாரு! உள்ள விடு!"

(எங்கள் பக்கத்தில் நாவல் என்றால் மரம், பழம். அதில் புருசன் இருக்கிறானா இல்லையா என்று நான் ஏன் பார்க்கிறேன் என்று அவர்களுக்கு விளங்கவில்லை.)

"சேத்துக்க தாயி!" என்றார்கள் ஆண்கள். "மனுசன் திருந்தி வந்துட்டான்ல!" எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒருவர், "மதி மோளே, மதி! பாவம் அவன்!" என்று, போதும் மகளே என மலையாளத்தில் கெஞ்சிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தைரியம் வந்த ராசாமணி, "என் புள்ள!" என்று தலையணையைப் பிடித்து இழுத்தான். நான் விடவில்லை. அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தையல் பிரிந்து இலவம் பஞ்சு மேடை முழுக்கப் பறந்தது. "அய்யோ, புள்ள!" என்று ஒருத்தி நிஜமாகவே அலறினாள்.

இப்போது வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பஞ்சுக்கு நடுவே நின்றபோது என் உறுதி ஒரு கணம் ஆட்டம் கண்டுவிட்டது. 'சரி, வாங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கைதட்டல், சுடச்சுடக் காபி, ஜீப்பு, வீடு. கூட்டம் மொத்தமும் ஒரே குரலில் "சேத்துக்க, சேத்துக்க" என்கிறது. உலக இலக்கியத்தில் இதற்கு ஒரு வழியும் சொல்லியிருக்கவில்லை.

அப்போது அம்மா எழுந்தாள்.

"ஏய் சரசு! என்னத்தடி நின்னு ரோசிச்சுக்கிட்டு இருக்க? கதவச் சாத்து!"

"நீ சும்மா உக்காரு பேச்சி" என்றார் யாரோ. "அது நாடகம்."

"நாடகம்னா என்ன, எவன் வந்தாலும் தொறந்து விடணுமா?" அம்மா அந்த ஆளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "ஒங்கப்பன் ஒருக்கா திரும்பி வந்து நின்னான்டி. இதே மாதிரித்தான், பெட்டியும் பூவுமா. நான் சாத்தல? சாத்திட்டு வாழல? சாத்துடி!"

மைக் இல்லாமலேயே எல்லாருக்கும் கேட்டது. விசில் நின்றது. போடியிலிருந்து வந்திருந்தவர்கள் எல்லாரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை வருசமாக அவர்கள் பரிதாபப்பட்டதெல்லாம் புருசன் விட்டுவிட்டுப்போன ஒருத்திக்காக. எனக்கும் அப்படித்தான் தெரியும். அப்பா வரவே இல்லை என்றுதான் எனக்குத் தெரியும்.

பிறகு கிட்டங்கிப் பெண் ஒருத்தி சொன்னாள், "சாத்துடி சரசு." அடுத்தவள் சொன்னாள். ஏலத்தோட்டத்துப் பெண்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். "சாத்து! சாத்து!"

ராசாமணிக்கு அதற்குமேல் நிற்க மனமில்லை. பெட்டியை எடுத்தான், பூப்பொட்டலத்தை எடுத்தான், தலையைக் குனிந்துகொண்டு வாசல் வழியாக வெளியே போனான். நான் கதவைச் சாத்தினேன்.

மெல்லச் சாத்தியிருக்கலாம். என் அப்பா, பெண் பார்க்க வந்தவர்கள், கரி டப்பா, மல்லிகைப்பூ எல்லாரையும் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துச் சாத்தினேன். நிலை ஒரு ஆட்டம் ஆடியது. கயிறு அறுந்தது. கதவு நிலையோடு அப்படியே பின்னால் சாய்ந்து, மூங்கிலை இழுத்து, மூங்கில் படுதாவை இழுத்து, அமெரிக்கா முழுசும் தரைக்கு வந்தது. ராசாமணி ஒரே தாவலில் களத்துக்குக் குதித்துவிட்டான். படுதா விழுந்த இடத்தில், கவுனை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு பீடி குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்கார வீட்டுக்காரியும், கையில் மைக்கோடு வாயைப் பிளந்த தங்கவேலு அண்ணனும் சபைக்குக் காட்சி தந்தார்கள்.

அதற்குப் பின் நடந்தது நாடகமில்லை. களத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கமாகப் பிரிந்து, டெல்லா சாத்தியது சரியா தப்பா என்று சண்டை. விழாக் கமிட்டித் தலைவர் சிவந்த முகத்தோடு மேடைக்கு வந்தார். "பொங்கலும் அதுவுமா குடும்பத்தப் பிரிச்சு விட்டுட்டீங்க. மைக்குல மன்னிப்புக் கேளும்மா."

"கேக்க மாட்டேன்" என்றேன். "நான் எழுதுன கதைக்குள்ள ஆளக் கொண்டாந்து விட்டது அவரு. அவரக் கேக்கச் சொல்லுங்க."

தங்கவேலு அண்ணன் படுதாவைச் சுருட்டுவதில் மும்முரமாகிவிட்டார். எங்களுக்குக் காபி கிடைக்கவில்லை.

மலையிறங்கும்போது ஜீப்பை ஓட்டியவன் ராசாமணிதான், வேறு டிரைவர் ஏது? கழுத்து மாலையைக் கழற்றக்கூட மறந்து, உம்மென்று ஓட்டினான். கிட்டங்கிப் பெண்கள் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மா பக்கத்தில் நான்.

"அப்பா வந்தாராம்மா?"

"வந்தான். நீ ரெண்டாப்புப் படிச்ச. காச்சல்ல சுருண்டு கெடந்த. எனக்கா கிட்டங்கிக்கு நேரமாச்சு, ஒலை கொதிக்குது. 'பேச்சி, நான் வந்துட்டேன்'ங்கான். எதுக்கு வந்தீகன்னேன். 'அவ என்னையச் சேத்துக்க மாட்டேங்கிறா'ங்கான்."

பின்னாலிருந்த பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தார்கள்.

"அங்க சாத்துனதாலதான் இங்க வந்திருக்கான்" என்றாள் அம்மா. "நானும் சாத்திட்டு ஒலைய எறக்கப் போயிட்டேன்."

பின்னால் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் ராசாமணி வளைவில் ஜீப்பை ஒடித்துத் திருப்பினான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான், "சின்னம்மா, அவரு அப்பறம் வரவே இல்லையா?"

"அதான் சாத்திட்டேன்ல. நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

நான் மெதுவாகக் கேட்டேன், "ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

அம்மா வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஊருக்குத் தெரிஞ்சா, சேத்திருக்கலாம்லன்னு சொல்லுவாக. அது பேசிட்டுப் போகட்டும். நீயும் ஒருநா வளந்து வந்து, ஏம்மா சேக்கலன்னு கேட்டுட்டீன்னா? அதுக்குத்தான் பயந்தேன்."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். (பனி. வேறொன்றுமில்லை.) "நான் கேக்க மாட்டேம்மா" என்றேன்.

"தெரியும். அதான் கதவையே ஒடைச்சுப்புட்டியே."

அதற்குப் பின் ஊர் அம்மாவைப் பார்த்துப் பரிதாபப்படுவதை நிறுத்திக்கொண்டது. திமிர் பிடித்தவள் என்று பேச ஆரம்பித்தது. வாழாவெட்டியிலிருந்து திமிர் பிடித்தவளாகப் பதவி உயர்வு. அம்மா அதை மறுக்கவே இல்லை. வீட்டில் தொல்லைப்படுகிற பெண்கள் கிட்டங்கிக்கு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஏலக்காய் பொறுக்குகிற சாக்கில் பேசிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். நாடக மன்றம் கூடி, இனிமேல் கடைசிப் பக்கம் இருக்கிற கதையைத்தான் எடுப்பது என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. என்னை அதற்குப் பிறகு யாரும் நாடகம் போடக் கூப்பிடவில்லை. நானும் வருத்தப்படவில்லை.

ராசாமணிக்குப் பெண் கிடைக்காது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பூங்கொடியின் அப்பா மறுத்தும்விட்டார். பூங்கொடிதான் பிடிவாதமாக நின்றாள். "அம்புட்டுப் பொம்பளைகளும் சாத்துன்னதும், ஒரு வார்த்த எதுத்துப் பேசாமப் போனாருல்ல? எனக்கு அந்த ஆளு போதும்" என்றாளாம். கல்யாணத்துக்கு நானும் அம்மாவும் போனோம். மணமேடையில் ராசாமணி என்னைப் பார்த்ததும், கதவு எங்காவது இருக்கிறதா என்று சுற்றுமுற்றும் பார்த்தான்.

பிற்பாடு நானும் கல்யாணம் செய்துகொண்டேன். நிறம் பற்றி வாய் திறக்காத ஒருவர் வந்தார், சேர்த்துக்கொண்டேன். வேலை விசயமாக அடிக்கடி வெளியூர் போகிறவர். வெளியூர் போய்த் திரும்பிவந்து கதவைத் தட்டினால் எங்கள் வீட்டில் யாரும் சட்டென்று திறப்பதில்லை. எண்பதைத் தாண்டிவிட்ட அம்மாதான் உள்ளேயிருந்து விசாரணை நடத்துவாள்.

"யாரு? நாவல்ல இருக்குற ஆளா, இல்லாத ஆளா?"

"இருக்குற ஆளுதான் அத்த. மழையில நிக்கிறேன்."

"கையில பூ கீ எதுவும் இருக்கா?"

"இல்ல அத்த. கத்திரிக்காதான் இருக்கு."

"அப்பச் சரி. வாங்க மாப்ளே."

பூவோடு வந்தால் கதவு திறக்காது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவர் எனக்கு ஒரு முழம் பூ வாங்கிவந்ததில்லை. எனக்கு வேண்டியதை நானே கடைத்தெருவில் வாங்கி, அங்கேயே தலையில் வைத்துக்கொண்டு வருகிறேன்.